ஒன்பதாவது திருப்பத்தில் நின்றவன்

நாகேந்திரன் அண்ணனுக்கு நிலம் இல்லை, நகை இல்லை, பேங்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. கண் இருந்தது. பேரணாம்பட்டில் நாங்கள் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக அவர்தான் செலக்டர். பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோல் மேஜைக்கு வரும். விரித்து ஒரு பார்வை பார்ப்பார். ‘ஒண்ணு’, ‘ரெண்டு’, ‘நாலு’ என்று தரம் சொல்வார், ஒண்ணுதான் உசத்தி. ஒரு தோலுக்கு நாலு நொடிதான். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று, அவர் சொன்ன எண்ணைத் தோலின் பின்புறம் முத்திரை குத்தி அடுக்குவது என் வேலை. என் பெயர் சம்பத். பன்னிரண்டு வருஷம் அந்த முகத்துக்கு எதிரே நின்றிருக்கிறேன். தன் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று என் பெண்டாட்டி குத்திக்காட்டுவாள்.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. செலக்டர் சொன்னால் சொன்னதுதான். எதிரில் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் கிடையாது. எழுதி வைத்த சட்டத்தை எங்கள் ஊரில் யார் மதித்தார்கள்? இதை மட்டும் எல்லோரும் மதித்தார்கள்.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பைத்தியம் என்று அண்ணி மனோரமாதான் சொல்வார். எனக்கு அது பிடித்திருந்தது. பதினெட்டு வயதில் ஆம்பூர் பஜாரில் ஒரு வீடியோ கேம் கடையில், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று காசு கொடுத்து ஒரு கார் ரேஸ் ஆடியிருக்கிறார். மலைப்பாதை, பனிமூட்டம், பன்னிரண்டு திருப்பம். அதற்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. நாங்கள் ‘மலை ரேஸ்’ என்றே சொல்வோம். அதே ஆட்டம் பிறகு வந்த ஒவ்வொரு கேம் பெட்டிக்கும் புதிதாகச் செய்து வந்திருக்கிறது. அண்ணன் நாலு பெட்டி சேர்த்திருந்தார். கார்ட்ரிட்ஜ் செருகுகிற சின்னப் பெட்டி, அதற்கு அடுத்து வந்த கறுப்புப் பெட்டி, சி.டி. போடுகிற சாம்பல் பெட்டி, கடைசியாக வெள்ளைப் பெட்டி. மெட்ராசில் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியது பாதி, ஆம்பூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தௌசீப் அகமது பிடித்துக் கொடுத்தது பாதி.

மற்றவர்கள் ஜெயிக்க ஆடுவார்கள். இவர் தரம் பிரிக்க ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, அந்தப் பெரிய முதுகு வைத்த பழைய டிவிக்கு முன்னால் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, ஒரே திருப்பத்தை நாலு பெட்டியிலும் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார். சின்னப் பெட்டியில் இன்ஜின் சத்தம் மிக்ஸியில் தேங்காய் அரைப்பது போல இருக்கும். கறுப்புப் பெட்டியில் மூன்று வண்டி சேர்ந்து வந்தால் படம் திணறும். சாம்பல் பெட்டியில் வானம் ஆரஞ்சு, வெள்ளையில் ஊதா. எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி, படமும் போட்டு வைப்பார். நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு பார்ப்பேன்.

ஒன்பதாவது திருப்பத்தில் ஒருவன் நிற்பான். பனி விலகியதும் பாதைக்கு இடப்பக்கம் தெரிவான். மஞ்சள் மழைக்கோட்டு, கையில் கொடி. சின்னப் பெட்டியில் அவன் ஏழெட்டு மஞ்சள் புள்ளி, பாதையை ஒட்டியே நிற்பான். கறுப்பில் கொஞ்சம் தள்ளி நின்று கையை ஆட்டுவான். சாம்பலில் இன்னும் தள்ளி. வெள்ளையில் திரையின் ஓரத்துக்கே போய்விடுவான். ஆனால் அதில்தான் அவனுக்கு முகம் உண்டு, காகிதம் மடித்தது போல ஒரு முகம். எதற்காக நிற்கிறான் என்று ஆட்டத்தில் எங்கேயும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அவன் மேல் தனிப் பிரியம்.

“எல்லாத்தையும் மாத்தினாங்க, இவனை மட்டும் எடுக்கலை பாருடா. எவனோ ஒருத்தனுக்கு வேண்டப்பட்டவன்” என்பார்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். போன வருஷம் பொங்கல் லீவு முடிந்து மேஜைக்கு வந்த முதல் வாரம், ஒரு தோலை விரித்து அவர் “ஒண்ணு” என்றார். என் வலக்கைப் பக்கம், அதாவது அவருடைய இடப்பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. குருடனுக்கும் தெரிகிற கீறல். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு அடுத்த தோலுக்குக் கை நீட்டினார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நினைத்து, ‘மூணு’ என்று குத்தி அடுக்கிவிட்டேன்.

மறுநாள் இரண்டு. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு ஏழெட்டு. எல்லாமே என் வலக்கைப் பக்கம்.

ஏன் சொல்லவில்லை? வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதிதான். அவருக்கு அடுத்து அந்த மேஜைக்கு வரவேண்டியவன் நான். ‘கண்ணு சரியில்லன்னு கதை கட்டி நாற்காலியைப் புடுங்கிட்டான்’ என்று பேசுவார்கள். ஊர் வாயை மூட உலை மூடி உண்டா? அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள அவர் எண்ணை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தேன். சரக்கு சரியாகப் போனது, ஒரு புகாரும் வரவில்லை, அண்ணன் பெயர் அப்படியே நின்றது.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, வெள்ளைப் பெட்டியில் ஒன்பதாவது திருப்பம் தாண்டியதும் அண்ணன் வண்டியை நிறுத்தினார். திரும்பவும் முதலிலிருந்து ஓட்டினார். திரும்பவும் நிறுத்தினார்.

“இன்னாடா இது, கோட்டுக்காரனைக் காணோம்?”

நான் திரையைப் பார்த்தேன். அவன் நின்றுகொண்டிருந்தான். திரையின் இடது ஓரத்தில், கொடியோடு, அந்த மடித்த காகித முகத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

“இல்லண்ணா” என்றேன். “காணோம்.”

நானே எதிர்பார்க்கவில்லை. வருஷக்கணக்காக ஆமாம் சாமி போட்டுப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் பயந்தேன். ஏனென்றால் அண்ணன் அவன் நிற்கிற திரையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதினார்: ‘வெள்ளைப் பெட்டி. ஆள் இல்லை.’

அடுத்த வாரமே அந்தப் பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு ஆம்பூருக்குப் போனோம். தௌசீப் பிரித்துப் பார்த்தார், தூசி ஊதினார், ஒயர் மாற்றினார், படம் வருவதைக் காட்டினார்.

“மெஷின்ல ஒண்ணும் இல்ல நாகேந்திரன் பாய். சி.டி.ல எழுதுனது எழுதுனதுதான். அதுல இருக்குற ஆள் எங்க போவான்?”

“போயிட்டான்யா. நீயே ஓட்டிப் பாரு.”

“ஒன்பதாவது வளைவு வரைக்கும் ஓட்ட எனக்கு ஏது டைம்? கடையில இருவது போன் கெடக்குது. பேஜார் பண்ணாதீங்க” என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார்.

தீபாவளிக்கு மறுவாரம் சாம்பல் பெட்டியிலிருந்தும் அவன் போனான். அண்ணன் கன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

“ஒவ்வொரு பெட்டியா காலி பண்ணினு போறான்டா” என்றார். “ஒரு வீட்டைக் காலி பண்றவன் கடைசி ரூம்லேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி. எங்கடா போறான்?”

“இல்லண்ணா, பழைய சி.டி. தானே. தேஞ்சிருக்கும்.”

“தேஞ்சா படம் உடையும், பாட்டு நிக்கும். ஆள் நின்ன இடத்துல பாதை எப்படிடா வரும்? புல்லு எப்படி வரும்? நல்லா பாரு, அவன் நின்ன இடத்துல புல்லு முளைச்சிருக்கு.”

நான் நன்றாகப் பார்த்தேன். புல் இல்லை. அவன்தான் நின்றான். அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் வேர்க்கடலை இறங்கவில்லை. அண்ணனுக்கு இல்லாத ஒருவன், எனக்கு மட்டும் இருக்கிற ஒருவன், ஒவ்வொரு சுற்றிலும் பனிக்குள்ளிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனான். கறுப்புப் பெட்டியில் அவன் கையை ஆட்டும்போது, ‘சொல்லு, சொல்லு’ என்பது போல எனக்குப் பட்டது. திரையைப் பார்க்காமல் தரையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆட்டத்தில் அவர் தோற்கவும் தொடங்கினார். இடப்பக்கமாக முந்துகிற வண்டிகள் திடீரென்று முளைத்து மோதுகின்றன என்றார். மெஷின் இப்போது தந்திரம் ஜாஸ்தியாகக் கற்றுக்கொண்டது என்றார். முப்பது வருஷத்துக்கு முன் செய்த ஆட்டம் என்ன தந்திரம் கற்கும்? வீட்டுக்கு வெளியிலும் வண்டிகள் அப்படி முளைத்தன. பஜார் தெருவில் நடக்கும்போது இடப்பக்கத்திலிருந்து சைக்கிள் வந்தால், பேயைக் கண்டவர் போலத் துள்ளி ஒதுங்குவார்.

அதைவிடப் பயம் மேஜையில்தான். தை பிறந்த பிறகு ஒரு நாள் காலை, வடக்கு ஜன்னல் கண்ணாடி வழியே நல்ல வெளிச்சம். ஒரு தோலை விரித்தார். அவருடைய இடப்பக்கம் முழுக்க உண்ணி கடித்து அம்மைத் தழும்பு போலக் கிடந்தது. உள்ளங்கையால் அதை ஆசையாகத் தடவினார்.

“சம்பத்து, இந்த வருஷம் ஆட்டுக்கெல்லாம் உண்ணியே கடிக்கல போலக்கீதுடா. இவ்ளோ சுத்தமான சரக்கு நான் பார்த்ததே இல்ல. ஒண்ணு.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தழும்பு இருந்த இடத்தில் அவருக்கு மாசில்லாத தோல் தெரிந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது அந்தத் தோல்? யார் அங்கே வைத்தார்கள்? ‘அஞ்சு’ என்று குத்தினேன்.

அந்த மாதமே கறுப்புப் பெட்டியிலும் ஆள் போனான். அன்றும் என்னைக் கேட்டார். அன்றும் நான் தரையைப் பார்த்தபடி “இல்லண்ணா” என்றேன். மூன்றாவது பொய் முதல் பொய்யைவிட எவ்வளவு சுலபமாக வருகிறது! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் இப்போது வாயைத் திறந்தால் ஒரு வருஷப் பொய்யையும் சேர்த்துத் திறக்கவேண்டும். தவணை ஏற ஏற ஓடி ஒளிகிறவனைப் போல நானும் ஒளிந்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. சின்னப் பெட்டி மட்டும் மிச்சம் இருந்தது. அண்ணன் இரண்டு மாதமாக அதைத் தொடவில்லை. தொட்டால் அங்கேயும் இல்லாமல் போவான் என்று பயம். அன்று என்ன தோன்றியதோ, செருகினார். எட்டுத் திருப்பம் தாண்டினார். ஒன்பதாவதில், பனி விலகியதும், நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். படம் அப்படியே நின்றது.

“இங்கேயும் இல்ல” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. “முடிஞ்சிதுடா. போயிட்டான்.”

அந்த நேரத்தில் அண்ணி டீ எடுத்துக்கொண்டு வந்தார். மனோரமா அண்ணி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாள் நூறு பெண்களிடம் கத்திவிட்டு, ஏழாவது நாள் இந்த டிவியைப் பார்த்தாலே எரிச்சல். இருந்தும் புருஷன் குரல் கேட்டு நின்றார்.

“யாரு போயிட்டான்?”

“கோட்டுக்காரன். மஞ்சக் கோட்டு.”

“தோ நிக்கிறானே!” என்று தம்ளரை வைத்துவிட்டுத் திரையின் வலப்பக்கமாகப் போய், விரலை அந்த மஞ்சள் புள்ளிகள் மேல் வைத்தார். வளையல் கண்ணாடியில் பட்டு ஒலித்தது. “இது யாரு, உங்க மாமனா?”

அண்ணன் அசையாமல் பார்த்தார்.

“மனோரமா” என்றார் மெதுவாக. “உன் கை எங்க?”

“இன்னாங்க உளறீங்க?”

“மணிக்கட்டு வரைக்கும் தெரியுது. அப்புறம் பாதைதான் தெரியுது. உன் கையை எங்கடி வச்ச?”

அண்ணி பயந்து கையை எடுத்துக்கொண்டார். “எடுக்காத!” என்று கத்தினார் அண்ணன். அண்ணி விரலை மறுபடி வைத்தார். அண்ணன் முகத்தை மட்டும் மெல்ல இடப்பக்கம் திருப்பினார். அவர் கண் விரிந்தது. விரலும் வந்துவிட்டது, அவனும் வந்துவிட்டான். முகத்தை நேராக்கினார். இரண்டும் போனது. திருப்பினார், வந்தது. நேராக்கினார், போனது. நாலு தடவை, ஐந்து தடவை. பிறகு அப்படியே பாயில் உட்கார்ந்து தன் இடது கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, அது தொலைந்து போகிற இடத்தைத் தேடினார். அதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய தண்டனை.

“நீ பார்த்தியாடா?” என்று என்னைக் கேட்டார்.

“கவனிக்கலண்ணா” என்றேன். அப்போதும்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் வேலூருக்குப் போனோம், ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு. அண்ணன் நோட்டை மடியில் வைத்திருந்தார். அது எதற்கு என்று அண்ணி கேட்டதற்கு, “தேதி இருக்குது” என்றார்.

அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் இடது கண். நான் கதவோரம் நின்றேன். அவர் கையில் பொத்தானைப் பிடித்தபடி காத்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் விரல் எப்போதாவது ஒரு தடவை அசைந்தது. வெகுநேரம் கழித்து, “எப்பம்மா ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார். அந்த நர்ஸ் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இடது கண்ணுக்கான சோதனை முடிந்திருந்தது.

டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வந்திருக்கிறது. வலி இருக்காது. இருட்டாகவும் தெரியாது. இல்லாத இடத்தை, பக்கத்தில் இருப்பதை வைத்து மூளையே நிரப்பிக்கொள்ளும். இடது கண் முக்கால்வாசி போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது வராது.

“எத்தனை நாளா இப்படி?” என்றார்.

அண்ணன் நோட்டைப் பிரித்து நீட்டினார். வெள்ளைப் பெட்டி, ஆடி. சாம்பல், ஐப்பசி. கறுப்பு, தை. சின்னது, பங்குனி. டாக்டர் அம்மா முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு, அவன் ஒவ்வொரு பெட்டியிலும் எங்கே நின்றான் என்று அண்ணன் போட்டு வைத்திருந்த படங்களைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, மாதம் மாதமாக, அவர் குருடாகிக்கொண்டு வந்ததை அவரே அளந்து வைத்திருந்தார்.

“அப்ப ஆடியிலதான் ஆரம்பிச்சிருக்கு. எட்டு மாசம்” என்று எழுதப் போனார்.

“இல்ல டாக்டர்” என்றேன். “போன பொங்கல்லேர்ந்து. பதினாலு மாசம்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். முதல் கீறல், மாற்றிக் குத்திய எண்கள், என் வலக்கைப் பக்கம், ஒன்பதாவது திருப்பம், மூன்று ‘இல்லண்ணா’, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி என் சட்டையைப் பிடித்தார். “தோஸ்த்து தோஸ்த்துன்னு உனுக்கு சோறு போட்டேனேடா பாவி!” என்று அழுதார். அண்ணன் டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

“போன பொங்கலுக்கே வந்திருந்தா?”

டாக்டர் அம்மா பேனாவை மூடினார். “வலது கண்ணு முழுசா இருந்திருக்கும்” என்றார்.

அண்ணி மருந்துக் கடை வரிசையில் நின்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அந்தக் கெட்ட கண்ணை வைத்துக்கொண்டு பதினாலு மாதம் ஒரு மனிதரைச் சந்தோஷமாக நமஸ்காரம் பண்ண விட்டவன் நான். ஆஸ்பத்திரி வாசலில் வெயில் அடித்தது. அண்ணன் படி இறங்கத் தடுமாறினார். பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். திட்டட்டும், ஓங்கி ஒரு அறை விடட்டும் என்று காத்திருந்தேன். அவர் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பத்து, எங்கடா இருக்க?”

“இங்கதாண்ணா, பக்கத்துலதான்.”

“வலப்பக்கமா வந்து நில்லு” என்றார். “இடப்பக்கம் நின்னா, நீ இருக்கிறியா இல்லையான்னு நான் உன் வார்த்தையைத்தான் நம்பணும்.”